ஃபேன் சுத்துது, மானிட்டர்ல ஒண்ணும் வரல: எங்கிருந்து பார்க்கறதுங்க?

திருப்பூர் கணக்கு:

வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஆபீஸ்ல இருக்குற டெஸ்க்டாப். தீபாவளி லீவுக்கு ஒம்பது நாள் பூட்டிக் கெடந்துச்சு, அதுல நாலு நாள் நல்ல மழை. திறந்து ஆன் பண்ணினா முன்னாடி லைட் எரியுது, உள்ள ஃபேன் எல்லாமே சுத்துது, மானிட்டர்ல மட்டும் ஒண்ணும் வர மாட்டேங்குது. "நோ சிக்னல்"னு ஒருக்கா காட்டிட்டு ஆரஞ்சு லைட்டுக்குப் போயிருது. பீப் சத்தமும் இல்லீங்க.

4ஆவது தலைமுறை ஐ3 பிராசசர், எச்81 போர்டு (மதர்போர்டு), 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ரெண்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் குடுக்குற பவர் சப்ளை டப்பா), 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு, 1 டிபி ஹார்டுடிஸ்க் ஒண்ணு. ரெண்டு மானிட்டர் வேணும்னு சின்னதா ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டிருக்கு.

இன்னும் ரெண்டு விஷயம். லீவுக்கு முன்னாடி ஒரு மாசமா, காலைல ஆன் பண்ணினா தேதி பழைய வருசத்துக்குப் போயிருக்கும், மாத்திட்டுத்தான் ஜிஎஸ்டி சைட்டே திறக்கும். அப்புறம், கேபினட்டைத் தொட்டா சில நேரம் கையில விறுவிறுங்கும்.

11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு ரிட்டர்ன்) போடணும். பில் பூராவும் இதுக்குள்ளதான் கெடக்கு. ஃபோன்ல கேட்டதுக்கே "போர்டு போயிருக்கும், மாத்திரலாம்"கறாங்க. மாத்தறதுக்கு முன்னாடி நாமளே என்னென்ன பார்க்கலாம்?


நொய்யல்கரை:

திறந்து பார்க்காம போர்டு போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. மழை நேரத்துல ஒம்பது நாள் பூட்டிக் கெடந்த மெஷின், அதுவும் பனியன் கம்பெனிக்குள்ள இருக்கறது. இந்த மாதிரி கேஸ்ல கனெக்‌ஷன் விட்டுப் போனதுதான் அதிகம். பார்ட் செத்துப்போறது குறைச்சல்.

முதல்ல தேதி நெருக்கடியைத் தீர்த்துருங்க. டிஸ்ப்ளே வரலைங்கறதுக்கும் உங்க பில்லுக்கும் சம்பந்தமே இல்ல. பில் எஸ்எஸ்டில இருந்தா, அதைக் கழட்டி, யுஎஸ்பி-சாட்டா கேபிள் ஒண்ணு வாங்கி லேப்டாப்ல மாட்டுங்க, டிரைவ் மாதிரி வந்துரும். டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துக்கலாம். பெரிய 3.5 அங்குல ஹார்டுடிஸ்க்ல இருந்தா அந்தச் சின்ன கேபிள் பத்தாது. அதுக்கு 12 வோல்ட் வேணும், யுஎஸ்பில வர்றது 5 வோல்ட்தான். தனி அடாப்டரோட வர்ற கேபிளாப் பார்த்து வாங்கணும்.

இனி மெஷினுக்கு வருவோம். "நோ சிக்னல்"னு எழுத்து வருதுன்னா மானிட்டர் உசுரோட இருக்கு. கேபிள் விஜிஏவா எச்டிஎம்ஐயான்னு பார்த்து, மானிட்டர் மெனுவுல அதே இன்புட் இருக்கான்னு பாருங்க. விஜிஏ கேபிள்னா பின் ஏதாவது மடங்கியிருக்கான்னும் பார்த்துக்குங்க. அதுல ஒரு பின் பிறவியிலேயே இல்லாம வரும், ஒடைஞ்சு போச்சுன்னு நினைச்சுக்காதீங்க.

அடுத்தது "நம் லாக்" (Num Lock) பட்டன். ஆன் பண்ணி ஒரு நிமிசம் கழிச்சு கீபோர்டுல நம் லாக்கை அழுத்துங்க. லைட் அணைஞ்சு எரிஞ்சா போர்டு ஓடிட்டிருக்கு, படம் மட்டும்தான் வெளிய வரல. கிராபிக்ஸ் கார்டு, கேபிள் பக்கம் தேடலாம். லைட்டே இல்லன்னா போர்டு முதல் சோதனையைத் தாண்டாம நிக்குதுன்னு அர்த்தம். இந்த ஒரு சோதனையில பாதி வேலை மிச்சம்.

மூணாவது, கிராபிக்ஸ் கார்டைக் கழட்டி வச்சிருங்க. உங்க பிராசசருக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்கு, போர்டுல இருக்குற விஜிஏல கேபிளைச் சொருகுனா படம் வரணும். கார்டு மாட்டியிருக்கும்போது போர்டோட விஜிஏ தானா அணைஞ்சுக்கும், அதனால கார்டைக் கழட்டாம கேபிளை மட்டும் மாத்திப் பார்த்துட்டு "அதுலயும் வரல"ங்கற முடிவுக்கு வந்துராதீங்க. இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு: இன்டெல்ல மாடல் நம்பர் முடிவுல எஃப்னு இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, கார்டைக் கழட்டுனா படமே வராது.

கேபினட் விறுவிறுங்குதுன்னு சொன்னது எனக்குப் பிடிக்கல. மானிட்டர், சிபியு ரெண்டோட பிளக்கையும் சுவத்துல இருந்து உருவிட்டுத்தான் எந்தக் கேபிளையும் கழட்டணும், மாட்டணும்.


சென்னிமலைத் தறி:

நொய்யல்கரை சொன்ன வரிசை சரி. நம் லாக் எரியலைன்னா அடுத்தது ரேம். அதை அரைகுறையாச் செஞ்சுட்டுத்தான் நெறைய பேர் போர்டு மேல பழி போடறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

ஏன் முதல்ல ரேம்? பருத்தி காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்கும். நூல் வாங்குறவங்களுக்குத் தெரியும், பருத்திக்கு ஈரக் கணக்கு 8.5 சதவீதம். அதே பருத்திதான் பஞ்சாப் பறந்து உங்க கேபினட்டுக்குள்ள போர்வை மாதிரி படிஞ்சிருக்கு. தினமும் மெஷின் ஓடற வரைக்கும் உள்ள இருக்குற சூடு அதைக் காய வச்சுக்கிட்டே இருக்கும். ஒம்பது நாள் அணைஞ்சு கெடந்து, மழையும் பெஞ்சா, அந்தப் பஞ்சு ஈரத்தைப் பிடிச்சு ரேம் தொளைக்குள்ள வச்சுக்கும். பின்னுல லேசாப் படலம் கட்டிரும். டிடிஆர்3ல 240 தொடுபுள்ளி இருக்கு. முக்கியமான ஒண்ணு தொடலைன்னாலும் போர்டு அங்கேயே நின்னுரும். எச்81 காலத்துப் போர்டுகள்ல நெறையாத்துல எந்த இடத்துல நின்னுச்சுன்னு காட்டற லைட்டும் கிடையாது, அதனால ஃபேன் மட்டும் சுத்திட்டே இருக்கும்.

பிளக்கை உருவிட்டு, முன்னாடி பவர் பட்டனை ஒரு 10 எண்ணுற வரைக்கும் அழுத்திப் பிடிங்க. உள்ள மிச்சம் இருக்குற கரண்ட் வடியட்டும். சுவிட்சை மட்டும் அணைச்சா பத்தாது. பிளக்குக்குக் கரண்ட் வர்ற வரைக்கும், கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தாலும் போர்டுக்கு 5 வோல்ட் போயிட்டே இருக்கும். அந்த நேரத்துல ரேமை உருவுனா நல்ல ரேமும் போயிரும்.

பஞ்சை எடுக்கறதுக்கு காஞ்ச பெயின்ட் பிரஷ் நல்லது. கம்பெனியில கம்ப்ரஸர் லைன் இருக்குமே, அதை அப்படியே திருப்பி அடிச்சுராதீங்க. டேங்க்ல தேங்கியிருக்குற தண்ணி மூடுபனி மாதிரி போர்டு மேல இறங்கும். டேங்க்கோட டிரெயின் வால்வைத் திறந்து தண்ணியை வடிச்சுட்டு, ரெகுலேட்டர்ல 2 பார் அளவுக்குக் குறைச்சு, ஒரு அடி தள்ளி நின்னு அடிங்க. அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலாலயோ பென்சிலாலயோ பிடிச்சுக்கணும். காத்துல வேகமாச் சுத்துனா பேரிங் கெட்டுரும், மோட்டார் டைனமோ மாதிரி மாறி போர்டுக்குக் கரண்டைத் திருப்பி அனுப்பும்.

இப்ப ரேம். ரெண்டு பக்க கிளிப்பையும் விரிச்சு ரெண்டையும் எடுங்க. தங்க நிறப் பட்டையை, பென்சிலுக்குப் பயன்படுத்தற வெள்ளை ரப்பரால மெதுவா, ஒரே திசையில, மேல இருந்து ஓரத்தைப் பார்த்துத் தேய்ங்க. பாதி நீலம் பாதி சிவப்பா இருக்குமே, மை அழிக்கிற ரப்பர், அது உப்புத்தாள் மாதிரி, தங்க முலாமையே உரிச்சுரும். தேய்ச்ச தூள் ஒண்ணுகூட இல்லாம பிரஷ்ல தட்டிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச துணியால துடைச்சுக் காய விடுங்க.

பெரும்பாலான பேர் இதோட நிறுத்திருவாங்க. பஞ்சு இருக்கறது போர்டுல இருக்குற தொளைக்குள்ள! ரேமைத் திரும்ப அழுத்தும்போது அந்தப் பஞ்சு அடியில போய் இன்னும் இறுகும். டார்ச் அடிச்சுப் பாருங்க. மெல்லிய, புது பிரஷ்ஷை ஆல்கஹால்ல தொட்டு உதறிட்டு, தொளையோட நீளவாக்குல ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க. ஊசி, சேஃப்டி பின் எதையும் உள்ள விட வேண்டாம். உள்ள இருக்குற பின்னு முடி மாதிரி, வளைஞ்சா நிமிர்த்த முடியாது. பனியன்ல கறை எடுக்கற ஸ்ப்ரே கன் கைக்குப் பக்கத்துல இருக்கும், அந்தக் கெமிக்கலையும் இதுல அடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் இளகிப் போகலாம்.

காத்தாட ஒரு மணி நேரம் டேபிள் ஃபேன் முன்னாடி வச்சுட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டுங்க. வெட்டு இருக்குற இடத்தைப் பொருத்தி, ரெண்டு கட்டை விரலாலயும் ரெண்டு ஓரத்துல சமமா அழுத்தணும். கிளிப் தானா ஏறி "டக்"குன்னு சத்தம் வரணும். ரெண்டு ரேம், ரெண்டு தொளை. ஒவ்வொண்ணையும் ஒவ்வொண்ணுல மாட்டி மொத்தம் நாலு தடவை பார்த்து, எது எதுல வந்துச்சுன்னு தாள்ல எழுதி வைங்க. ஒவ்வொரு தடவையும் பிளக்கை உருவறதை மறக்காதீங்க.

பீப் வரலைன்னு எழுதியிருக்கீங்க. கேபினட்ல பஸ்ஸரே இல்லாம வர்றதுதான் இப்ப வழக்கம், அதனால பீப் இல்லைங்கறதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. நாலு பின் பஸ்ஸர் சின்னதா ஒண்ணு கம்ப்யூட்டர் கடையில கிடைக்கும், விலை ரொம்பக் கம்மி. போர்டுல ஸ்பீக்கர்னு போட்ட இடத்துல மாட்டிட்டு, ரெண்டு ரேமையும் எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. திரும்பத் திரும்பச் சத்தம் வந்தா பிராசசர், பயாஸ் (ஆன் பண்ணினதும் முதல்ல ஓடற, போர்டுக்குள்ளயே இருக்குற புரோகிராம்), போர்டு மூணும் வேலை செய்யுது, "ரேம் எங்கே"ன்னு கேக்குது. அமைதியா இருந்தா கரண்ட், பிராசசர், போர்டு பக்கம் போகணும். இதைச் செய்யாம யாரும் போர்டை மாத்தக் கூடாது.


பல்லடம் வயர்மேன்:

ரேமுக்கு முன்னாடியோ பின்னாடியோ கரண்டையும் பார்த்துருங்க. ஃபேன் சுத்துனா எஸ்எம்பிஎஸ் நல்லாருக்குன்னு நினைக்கறது தப்பு. ஃபேனுக்கு 12 வோல்ட் வந்தா போதும், அது குறைச்சலா வந்தாலும் சுத்தும்.

முதல்ல பிராசசருக்குப் பக்கத்துல நாலு பின் சதுர கனெக்டர் ஒண்ணு இருக்கும், ரெண்டு மஞ்சள் ரெண்டு கருப்பு. பிராசசருக்கான கரண்ட் அது வழியாத்தான் போகுது. அது லேசாக் கழண்டிருந்தாலே நீங்க சொன்ன அதே அறிகுறிதான்: ஃபேன் சுத்தும், படம் வராது. 24 பின் கனெக்டரையும் ஒருக்கா கழட்டி அழுத்தி மாட்டுங்க. பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தா அங்க தொடுப்பு சூடாகுதுன்னு அர்த்தம்.

மல்டிமீட்டர் இருந்தா 20 வோல்ட் டிசியில வச்சு, கருப்பு முனையை ஏதாவது ஒரு கருப்பு ஒயர்ல பிடிச்சுக்கிட்டு, 24 பின் கனெக்டர் மாட்டியிருக்கும்போதே ஒயர் பக்கமா முனையைச் செருகிப் பாருங்க. முனை பக்கத்து ஒயரைத் தொட்டுரக் கூடாது. மஞ்சள் 11.4ல இருந்து 12.6க்குள்ள, சிவப்பு 4.75ல இருந்து 5.25க்குள்ள, ஆரஞ்சு 3.14ல இருந்து 3.46க்குள்ள இருக்கணும். ஊதா ஒயர்ல, கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தாலும் 5 வோல்ட் இருக்கணும்.

இதுல எல்லாரும் விட்டுடறது சாம்பல் ஒயர். "எல்லா வோல்ட்டும் சரியா இருக்கு, ஆரம்பிக்கலாம்"னு எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்ற சைகை அது. ஆன் பண்ணி அரை செகண்டுக்குள்ள அதுல 5 வோல்ட் கிட்ட வந்து நிக்கணும். மத்ததெல்லாம் சரியா இருந்து சாம்பல் மட்டும் 0லயே இருந்தா போர்டு பிராசசரை எழுப்பவே எழுப்பாது, ஃபேன் மட்டும் சுத்திட்டு இருக்கும். அப்ப தப்பு எஸ்எம்பிஎஸ்ல. ஒயர் அத்தனையும் கருப்பா வர்ற மாடல்ல இந்த வேலை வேண்டாம். தெரிஞ்ச நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்க. மீட்டர்ல எல்லாம் சரியாக் காட்டி, லோடு ஏறும்போது ஆடற எஸ்எம்பிஎஸ்சும் உண்டு, அதுக்கும் மாத்திப் பார்க்கறதுதான் வழி.

எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்காதீங்க. உள்ள இருக்குற பெரிய கப்பாசிட்டர்ல 320 வோல்ட் கிட்ட டிசி நிக்கும், பிளக்கை உருவின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். பஞ்சு அடைச்சிருந்தா வெளியில இருந்து பிரஷ்ஷால எடுங்க, அது போதும்.

அப்புறம் அந்த விறுவிறு. அதை லேசா விட்டுராதீங்க. எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்குற ஃபில்டர் கப்பாசிட்டர் ரெண்டு, ஃபேஸ்ல ஒண்ணும் நியூட்ரல்ல ஒண்ணுமா கேபினட்டோட சேர்ந்திருக்கும். எர்த் சரியா இருந்தா அந்தக் கசிவு எர்த்துல இறங்கிரும். எர்த் இல்லைன்னா கேபினட் பாதி வோல்ட்ல, அதாவது 115 கிட்ட மிதக்கும். கரண்ட் அளவு சின்னதுதான், ஆனா அந்த நிலைமையில எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகும்போது போர்ட் எரிஞ்சு போறதுக்கு அதுவே போதும். நொய்யல்கரை பிளக்கை உருவச் சொன்னது அதுக்குத்தான்.

மல்டிமீட்டரை ஏசி 750ல வச்சு சுவத்து சாக்கெட்ல பாருங்க. ஃபேஸ்-நியூட்ரல் 230 கிட்ட, ஃபேஸ்-எர்த்தும் அதே அளவு, நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்குள்ள வரணும். நியூட்ரல்-எர்த் அதுக்கு மேல போச்சுன்னா எர்த் ஒயர் எங்கயோ விட்டிருக்கு, இல்ல எர்த் குழி காஞ்சிருக்கு. நம்ம பக்கம் பாறை மண்ணு, வெயில் காலத்துல குழி வறண்டு போயிரும். வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல மாட்டியிருந்தா முதல் வேலையா அதைத் தூக்கிப் போட்டுருங்க.


திருப்பூர் கணக்கு:

நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். சொன்ன மாதிரியே பண்ணிட்டேன், முடிவை அப்படியே எழுதறேன்.

எஸ்எஸ்டில இருந்து டேலி டேட்டா காப்பி எடுத்தாச்சு. நம் லாக் லைட் எரியல. கிராபிக்ஸ் கார்டைக் கழட்டியும் வரல. மஞ்சள் 12.1, சிவப்பு 5.08, ஆரஞ்சு 3.34, சாம்பல் 4.9. நாலு பின் கனெக்டர் சரியா இருந்துச்சு. ரெண்டு ரேமையும் எடுத்துட்டு பஸ்ஸரோட ஆன் பண்ணினா விட்டு விட்டுச் சத்தம் வருது!

ரப்பர், ஆல்கஹால் போட்டுத் துடைச்ச பிறகு: 2ஆவது தொளையில எந்த ரேமை மாட்டுனாலும் டிஸ்ப்ளே வருது. 1ஆவது தொளையில எந்த ரேமை மாட்டுனாலும் வர மாட்டேங்குது. 1ஆவது தொளை பிராசசருக்குப் பக்கத்துல இருக்கறது. அது செத்துப்போச்சா, இல்ல இன்னும் ஏதாச்சும் பார்க்கலாமா?

எர்த் பார்த்தோம், நியூட்ரல்-எர்த் 38 வோல்ட். எலக்ட்ரீசியன் நாளைக்கு வர்றாரு.


சென்னிமலைத் தறி:

எழுதி வச்சது நல்லதாப் போச்சுங்க. ரெண்டு ரேமும் நல்லாருக்கு, பிராசசர் நல்லாருக்கு, போர்டும் பெரும்பாலும் நல்லாருக்கு. மிச்சம் இருக்கறது ஒரு தொளை.

எச்81 போர்டுல ஒவ்வொரு தொளைக்கும் தனித் தனி சேனல் (டேட்டா போற பாதை). ரேமை நடத்தற சுற்று போர்டுல இல்ல, பிராசசருக்குள்ள இருக்கு. அதனால 1ஆவது தொளை வேலை செய்யலைன்னா காரணம் மூணு இடத்துல இருக்கலாம்: தொளைக்குள்ள மிச்சம் இருக்குற பஞ்சு, போர்டுல அந்த வழித்தடம், பிராசசர் உட்கார்ந்திருக்குற சாக்கெட்ல ஒரு பின். மூணாவதை யாருமே பார்க்கறதில்ல.

முதல்ல தொளையை இன்னொருக்கா டார்ச் அடிச்சுப் பாருங்க. பிராசசர் ஃபேன் காத்து நேரா அது மேலதான் அடிக்கும், அதனால பஞ்சு அங்கதான் அதிகம் சேரும். பிரஷ் ஓட்டியும் ஓரத்துல நூல் மாதிரி தெரிஞ்சா மொண்ணையான பிளாஸ்டிக் சாமணத்தால மேல வர்ற நுனியை மட்டும் பிடிச்சு இழுங்க.

அப்பவும் வரலைன்னா பிராசசர் ஹீட்சிங்க் (பிராசசர் மேல சூட்டை இழுக்குற உலோகக் கட்டை). நாலு மூலையிலயும் புஷ் பின் இருக்குற மாடல்தானே? நாலுல ஒண்ணு எழும்பியிருந்தா போர்டு ஒரு பக்கமா வளையும், சாக்கெட்டுக்கும் பிராசசருக்கும் நடுவுல அழுத்தம் ஏறுமாறாகும், சில பின் தொடாமப் போகும். ஒரு சேனல் ரேம் காணாமப் போறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். போர்டுக்குப் பின்னாடி பக்கம் பாருங்க, நாலு பின்னும் முழுசா வெளிய வந்து விரிஞ்சிருக்கணும்.

கழட்டறதுன்னா அம்புக்குறி திசையில திருப்பி நாலையும் இழுங்க. அடியில இருக்குற பசை (தெர்மல் பேஸ்ட்) காஞ்சு பிடிச்சிருந்தா நேரா மேல பிடுங்காம, இப்படியும் அப்படியும் லேசாத் திருகி விடுங்க. லீவரைத் தூக்கி பிராசசரை ஓரத்துல பிடிச்சு எடுங்க. சாக்கெட்ல 1150 பின் இருக்கு. விரலோ துணியோ பிரஷ்ஷோ அதுல படவே கூடாது. டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. எல்லாப் பின்னும் ஒரே வரிசையில ஒரே மாதிரி மின்னணும். ஒண்ணு மட்டும் வேற மாதிரி மின்னுனா அது வளைஞ்சிருக்கு, அல்லது அங்க பஞ்சு இருக்கு. பஞ்சுன்னா கையில பிடிக்கிற ரப்பர் ஊதியால லேசா ஊதுனாப் போதும், கம்ப்ரஸர் கிட்டயே போகக் கூடாது. வளைஞ்ச பின்னு வேற கதை, லென்ஸ் வச்சு நிமிர்த்தற போர்டு சர்வீஸ் ஆளுங்க கையில குடுத்துருங்க. கோயம்புத்தூர் போனா இந்த வேலை தெரிஞ்சவங்க கிடைப்பாங்க.

பிராசசரோட அடிப்பக்கத் தங்கப் புள்ளிகளை ஆல்கஹால்ல துடைச்சு, முக்கோணக் குறியைப் பொருத்தி வச்சு லீவரை இறக்குங்க. பழைய பசையை ரெண்டு பக்கமும் சுத்தமா எடுத்துட்டு, ஒரு பட்டாணி அளவு புதுப் பசை நடுவுல வச்சாப் போதும். நெறைய வச்சாக் குளிராது, வழியத்தான் செய்யும். புஷ் பின்னை எதிர் எதிர் மூலையா ரெண்டு ரெண்டா அழுத்துங்க. பக்கத்துப் பக்கத்துல அழுத்துனா திரும்பவும் போர்டு வளையும்.

இத்தனையும் பண்ணி 1ஆவது தொளை வரலைன்னாலும் போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். 8 ஜிபி ரேம் ஒண்ணு வாங்கி 2ஆவது தொளையில போட்டுருங்க, அந்தப் போர்டு ஒரு தொளைக்கு 8 ஜிபி ஏத்துக்கும். ஒரே சேனல்ல ஓடும். டேலிக்கும் ஜிஎஸ்டிக்கும் வித்தியாசம் தெரியாது.


திருப்பூர் கணக்கு:

தொளைக்குள்ள இருந்து விரல் நீளத்துக்குப் பஞ்சுத் திரி வந்துச்சுங்க! ஹீட்சிங்க்ல ஒரு பின் எழும்பித்தான் இருந்துச்சு, அதையும் கழட்டி மாட்டியாச்சு. சாக்கெட் பின்னெல்லாம் சரியா இருக்கு. இப்ப ரெண்டு தொளையிலயும் ரேம் வருது, 8 ஜிபி காட்டுது.

தேதி பின்னால போகுதுங்கறதுக்காக போர்டு பேட்டரியும் கழட்டிப் புதுசு போட்டேன். இப்ப "சிமாஸ்" எதோ தப்புன்னு போட்டு எஃப்1 அழுத்தச் சொல்லுது. அழுத்துனா விண்டோஸ் லோகோ வந்து, நீலத் திரை காட்டி திரும்ப ரீஸ்டார்ட் ஆகுது. பேட்டரி போட்டதுல ஏதாச்சும் கெட்டுப் போச்சுங்களா?


நொய்யல்கரை:

ஒண்ணும் கெடலீங்க. பேட்டரியைக் கழட்டுனதுல பயாஸ் அமைப்பெல்லாம் மறந்து, போர்டு கம்பெனியில இருந்து வந்தப்ப இருந்த நிலைக்குப் போயிருச்சு. எஃப்1 கேக்கறது அதுக்குத்தான். டிலீட் பட்டனை அழுத்தி உள்ள போய் தேதியும் நேரமும் வச்சு, எஃப்10 அழுத்திச் சேமிச்சா அந்த எழுத்து வராது. புது பேட்டரி சிஆர்2032தானே? மீட்டர்ல 3 வோல்ட்டுக்குக் குறையாமக் காட்டணும். பழைய பேட்டரி படம் வராததுக்குக் காரணம் இல்ல, தேதிக்கு மட்டும்தான். ஆனாலும் இந்த நேரத்துல மாத்துனது சரி.

நீலத் திரைக்குக் காரணம் வேற. பயாஸ்ல சாட்டா மோடுன்னு ஒண்ணு இருக்கும், போர்டு டிரைவோட பேசற முறை அது. ரெண்டு வகை: ஐடிஇ, ஏஎச்சிஐ. விண்டோஸ் போட்டப்ப எது இருந்துச்சோ அதுலதான் அது கிளம்பும். மாறியிருந்தா டிரைவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாம "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்"னு நீலத் திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகும். இப்ப எது இருக்கோ அதை மாத்தி மத்ததை வச்சு, சேமிச்சுப் பாருங்க. ரெண்டுல ஒண்ணுல கிளம்பிரும். விண்டோஸைப் புதுசாப் போடறேன்னு யாராவது சொன்னா விடாதீங்க, தேவையில்லை.

லோகோவே வராம "பூட் டிவைஸ் இல்லை"ன்னு வர்றவங்களுக்கு: பூட் பக்கத்துல லெகசி, யுஇஎஃப்ஐ (விண்டோஸ் கிளம்பற முறைகள்) ரெண்டையும் மாத்திப் பாருங்க, முதல் டிரைவா எஸ்எஸ்டி இருக்கான்னும் பாருங்க.

கிராபிக்ஸ் கார்டை எல்லாத்துக்கும் கடைசியா மாட்டுங்க. அதோட தங்கப் பட்டையையும் ரேம் மாதிரியே சுத்தம் பண்ணிட்டு, அந்தத் தொளையிலயும் பிரஷ் ஓட்டிட்டு மாட்டணும்.


பல்லடம் வயர்மேன்:

38 வோல்ட் இருக்குற சாக்கெட்ல இந்த மெஷினைத் திரும்ப மாட்டாதீங்க. எலக்ட்ரீசியன் வந்து சரி பண்ற வரைக்கும், வேற ரூம்ல எர்த் சரியா இருக்குற சாக்கெட்டா அளந்து பார்த்து அதுல ஓட்டிக்குங்க. வர்றவர் மெயின் கரண்ட் போர்டு பக்கம் எர்த் பாரையும் (எர்த் ஒயரெல்லாம் சேர்ற பட்டை) குழியையும் மட்டும் பார்த்துட்டுப் போயிரக் கூடாது. கட்டிங் மெஷின் லைனும் ஆபீஸ் லைனும் ஒரே நியூட்ரல்ல வருதான்னும் பார்க்கச் சொல்லுங்க. மெஷின் எல்லாம் ஓடும்போது ஒருக்கா, நின்ன பிறகு ஒருக்கா நியூட்ரல்-எர்த்தை அளந்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுரும்.


திருப்பூர் கணக்கு:

ஐடிஇ வச்சதும் விண்டோஸ் வந்துருச்சுங்க. மெஷினை சாம்பிள் ரூம் சாக்கெட்டுக்கு மாத்திட்டோம், அங்க நியூட்ரல்-எர்த் 1.4. கேபினட் இப்ப விறுவிறுங்கல. கேபினட்டைத் தரையில இருந்து தூக்கி ஸ்டாண்டு மேல வைக்கச் சொல்லிட்டேன். பஞ்சு எத்தனை நாளைக்கு ஒருக்கா எடுக்கணும்?


சென்னிமலைத் தறி:

ஆபீஸும் தையல் ஃப்ளோரும் ஒரே கதவுன்னா மாசம் ஒருக்கா, தனி ரூம்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா. ஆனி, ஆடிக் காத்துல ஜன்னல் திறந்திருந்தா பஞ்சோட மண்ணும் சேர்ந்து வரும், அந்த ரெண்டு மாசம் கணக்கை இன்னும் நெருக்கமா வச்சுக்குங்க. கேபினட் முன்னாடி பழைய பனியன் துணியைக் கட்டி வைக்கறாங்க சில பேர், அதைப் பண்ணாதீங்க, காத்து போகாது. பிராசசர் ஃபேனையும் எஸ்எம்பிஎஸ் பின்பக்கக் கம்பியையும் முதல்ல பாருங்க. அங்க படிஞ்சிருந்தா உள்ளயும் படிஞ்சிருக்கு. இனி நீள லீவுக்குப் பூட்டறதுக்கு முந்தின நாள் பஞ்சை எடுத்துட்டு, பிளக்கையும் உருவி வச்சுட்டுப் போங்க.